ஐந்தரை அடிப் பாதை

கத்தரீனாள் வெள்ளைத்தாளின் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, மடிப்பின் மேல் நகத்தை ஒருமுறை இழுத்தாள். பிரித்தபோது தாளில் நேராக ஒரு கோடு விழுந்திருந்தது. அதன் அடியில் கார்பன் தாள், அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளைத்தாள். மூன்றின் மூலைகளையும் தட்டிச் சேர்த்துத் துணிக் கிளிப்பால் பிடித்தாள். விரல் நுனிகளில் ஏலக்காய் எடுத்த கறை கறுத்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாத கறை. அது தாளில் ஒட்டிவிடக் கூடாதென்று மணிக்கட்டின் கீழ் ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினாள்.

"பராதி எழுதணும்னியே, யார் மேல?" என்று நிமிராமலே கேட்டாள். புகாருக்கு அங்கே எல்லாரும் சொல்லும் மலையாளச் சொல் பராதி.

வாசற்படிக்குக் கீழே நின்ற முருகேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஒங்க மேலதான் மதினி."

பேனா மூடி திரும்பவும் பேனாவில் ஏறியது.

கத்தரீனாள் முப்பது வருஷமாக அந்தக் காலனியில் இருக்கிறாள். குமுளி பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறி, ஏலத்தோட்டம் தொடங்கும் இடத்தில் சரிவில் இருக்கும் இருபத்திரண்டு வீடுகள். அறுபத்தொரு வயது. பஞ்சாயத்துக்கோ வில்லேஜ் ஆபீசுக்கோ ஒரு காகிதம் போக வேண்டுமென்றால் காலனிக்காரர்கள் வந்து நிற்பது அவள் வாசலில்தான். கேரளம் என்றாலும், இந்த எல்லைப் பகுதியில் தமிழில் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. அவள் அதையும் எழுதுவாள். ஆனால் மலையாளத்தில் போகும் காகிதம் மேசை விட்டு மேசை சீக்கிரம் நகர்கிறது என்பதை அனுபவத்தில் கண்டவள் என்பதால் பெரும்பாலும் மலையாளத்தில்தான் எழுதுவாள்.

"சொல்லு" என்றாள்.

"ஒங்க விறகுக் கொட்டகை பாதைக்கு வந்திருச்சு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ சொல்லிட்டேன். பாக்கலாம் பாக்கலாம்னீங்க. போன செவ்வாக்கிழமை அவுகளச் சேர்ல வச்சுத் தூக்கிட்டுப் போகையில திரும்ப எடமில்ல. கொட்டகைத் தகரம் அவுக கையக் கிழிச்சு மூணு தையல்."

'அவுக' என்பது அவள் கணவன் சுடலைமணி. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். வீட்டிலிருந்து மேலே ஜீப் நிற்கும் ரோடு வரை நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டும். அதற்கு ஒரே பாதைதான். அது கத்தரீனாள் வீட்டை ஒட்டிப் போகிறது.

கத்தரீனாள் பேனாவைக் கீழே வைத்தாள். தையல் போட்ட விஷயம் அவளுக்குத் தெரியும். பார்க்கக்கூடப் போயிருந்தாள், ஆரஞ்சுப் பழத்தோடு. தன் தகரம்தான் கிழித்தது என்பதை யாரும் அன்று சொல்லவில்லை.

"காகிதம் எதுக்கு? நாளைக்கே கொட்டகையப் பிரிச்சிடுறேன்."

"பிரிச்சா அது ஒங்க நல்ல மனசு மதினி. எனக்கு நல்ல மனசு வேணாம், வழி வேணும். நாளைப்பின்ன ஒங்க மகன் அதே எடத்துல வண்டிய நிப்பாட்டுனா நான் யார் மனசப் போயித் தட்டுறது? பஞ்சாயத்து ரிஜிஸ்டர்ல பாதைன்னு ஏறணும். அகலத்தோட."

மற்றவர்களுக்கு இருபத்தைந்து வருஷமாகக் கத்தரீனாள் சொல்லி வந்ததைத்தான் முருகேஸ்வரி அவளிடமே சொன்னாள்.

இந்தப் பிடிவாதம் கத்தரீனாளுக்கு வந்ததற்குக் காரணமாக ஒரு பழைய காகிதம் இருந்தது. மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாத காலத்தில், ரேஷன் கார்டுக்காக டவுனில் ஓர் ஆளிடம் மனு எழுதி வாங்கினாள். பல மாதம் கழித்து ஒருவர் அதன் நகலைப் படித்துச் சொன்னார். 'ஆதரவற்ற இந்த ஏழைப் பெண்ணின் மீது கருணை கூர்ந்து' என்று அதில் இருந்தது. மனு எழுதும்போது அவள் கணவன் சுவக்கீன் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். உயிரோடு நின்ற ஆளை ஒரே சொல்லில் புதைத்துவிட்டார்கள் என்று வீட்டில் வெகுநாள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அவளுக்கு மட்டும் அது ஆறவில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரத்தில் போர்டைப் பார்த்து அரிசி, கோதுமை, மண்ணெண்ணெய் என்று எழுத்துக் கூட்டினாள். கருவாடு மடித்து வந்த மலையாளப் பத்திரிகைத் தாளைக் கழுவி, அடுப்பருகே காயவைத்துப் படித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் மனுவை எழுதினாள். அதில் கருணை இல்லை. இன்றுவரை எழுதிய எதிலும் இல்லை. தர வேண்டியதைக் கேட்கிறவன் எதற்குக் குனிய வேண்டும் என்பாள்.

மற்ற விஷயங்களிலும் அவளுக்கு இப்படித் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. வரிசையில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை அவள் விடமாட்டாள். "பைக்கு ரேஷன் கார்டு இருக்கா?" என்று கேட்டு, பையைத் தூக்கி ஓரமாக வைப்பாள். கம்பத்திலிருந்து மலை ஏறும் பஸ்சில் வயதைப் பார்த்து இடம் கொடுக்கமாட்டாள், சுமையைப் பார்த்துத்தான் கொடுப்பாள். காலனியில் இரண்டு கொடி. சுவக்கீன் ஒரு கொடி, சுடலைமணி இன்னொன்று. தேர்தல் வந்தால் இரண்டு பேரும் பத்து நாள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், எண்ணி முடித்த அன்று சேர்ந்து உட்கார்ந்து கப்பக்கிழங்கு அவிப்பார்கள். கத்தரீனாள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது சுவக்கீன் சாகும்வரை அவனுக்குத் தெரியாது. கேட்டால், "ரகசியம்னு எழுதி வச்சிருக்கான், படிச்சுப் பாரு" என்பாள்.

பார்க்காமல், அளக்காமல் எதையும் எழுதுவதில்லை என்பதும் அவள் வழக்கம். எழுந்து உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்து வந்தாள்.

"வா. அந்தப் பக்கம் நீ பிடி."

முருகேஸ்வரி டேப்பின் நுனியைத் தன் பக்கத்துக் கல்வரிசையில் வைத்து அழுத்தினாள். கத்தரீனாள் கொட்டகையின் மரக்காலில் பிடித்தாள். சரியாக மூன்றடி.

"நாலடி இருந்தாப் போதும் மதினி. நாலடின்னு எழுதுங்க."

 கத்தரீனாள் மரக்காலின் அடியில் மண்ணோடு மண்ணாக ஏதோ தட்டுப்பட்டதைப் பார்த்துக் குனிந்தாள். விறகை நான்கு கட்டை விலக்கினாள். அறுத்து விட்ட ஒரு பழைய காலின் அடிக்கட்டை, கறுத்து உளுத்துப்போய். அதற்கு ஆறு அங்குலம் உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. விறகை விலக்க விலக்க ஐந்து கட்டைகள், நட்டு வைத்த நாற்று போல ஒரே வரிசையில்.

அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. கிராண்டிஸ் என்ற தைலமரத்தின் கால் இந்த மழைக்கு நான்கு வருஷம்தான் தாங்கும். உளுத்த குழியிலேயே புதுக்காலை ஊன்றினால் மண் பிடிக்காது, ஆடும். உள்பக்கம் ஊன்றலாமென்றால் விறகு அடுக்கியிருக்கும். ஆகவே அறுத்துவிட்டு, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் புதுக்குழி. தகரத்தைக் கொஞ்சம் இழுத்து விட்டால் போதும். நான்கு வருஷத்துக்கு ஆறு அங்குலம். ஒருவரும் திட்டமிடவில்லை. பார்க்கிறவர்கள் கண்ணிலும் படவில்லை. சுவக்கீன் மழை விட்ட ஒரு மதியம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழி தோண்டுவதும், அவள் மரக்காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு "எம்பக்கம் சாயுது, எம்பக்கம் சாயுது" என்று கத்துவதும், "நீ சாஞ்சு நிக்குற, அது நேராத்தான் நிக்குது" என்று அவன் சொல்வதும் நினைவில் ஓடின. அப்படி நான்கு தடவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் போய்விட்டான். ஐந்தாவது தடவை மகன் ஜின்சன் குழி தோண்ட, அவளே மரக்காலை ஊன்றி மண்ணை மிதித்தாள். சுடலைமணியின் நாற்காலி முட்டியது அந்தக் காலில்தான்.

டேப்பை இழுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த முதல் கட்டைக்குப் போனாள்.

"இப்பப் பாரு."

ஐந்தடி ஆறு அங்குலம்.

"இம்புட்டா?" என்றாள் முருகேஸ்வரி.

"மறந்துட்டியா? நீயும் நானுந்தான அளந்தோம்."

பாதை என்று ஒன்று இல்லாமல் ஆட்டுத்தடம் மட்டும் இருந்த வருஷம் அது. முருகேஸ்வரி கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் கூடி, இரண்டு பக்கமும் சமமாக நிலம் விடுவதென்று பேசினார்கள். எத்தனை அடி என்பதில் தகராறு வந்தது. ஒருவர் மூன்று என்றார், ஒருவர் எட்டு. சுவக்கீனும் சுடலைமணியும்தான் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவரும் ஒதுங்காமல் போக வேண்டும், அதுதான் அகலம். கத்தரீனாள் தலையில் ஒரு புல்லுக்கட்டும் புதுப்பெண் தலையில் ஒரு விறகுக்கட்டும் ஏற்றினார்கள். இரண்டு பேரும் நடந்தார்கள். முதல் தடவை கட்டும் கட்டும் இடித்து இரண்டும் கீழே விழுந்தன. ஊரே சிரித்தது. "பொண்ணு வெக்கத்துல கோணலா நடக்குது, கணக்குல சேத்தி இல்ல" என்று சுடலைமணி கத்தினார். இரண்டாம் தடவை உரசாமல் போனார்கள். அந்த இடத்தில் முளை அடித்தார்கள். ஐந்தரை அடி. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கத்தரீனாள் வீட்டுப் பக்கம் அந்த முளை இருந்த இடத்தில்தான் பிறகு கொட்டகையின் முதல் கால் நின்றது.

முருகேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வெக்கமெல்லாம் இல்ல. கழுத்து வலி" என்றாள்.

கேஸ் அடுப்பு வந்தது. மாடு போயிற்று. தலைச்சுமையோடு எதிரெதிரே யாரும் வராமல் போனார்கள். பாதை குறுகியது ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஒரு நோயாளியை நான்கு பேர் தூக்க வேண்டி வந்த நாள் வரை.

ஜின்சன் மேலேயிருந்து இறங்கி வந்தான். தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். காலைச் சவாரி முடிந்து சாப்பிட வந்திருந்தான். கலைந்து கிடந்த விறகையும் டேப்பையும் தாளையும் பார்த்தான்.

"என்னம்மா இது?"

"பராதி எழுதுறேன்."

"யாரு மேல?"

"எம்மேல."

அவன் முருகேஸ்வரியைப் பார்த்தான், திரும்ப அம்மாவைப் பார்த்தான். "ஊர்ல எவனாச்சும் தன் மேல தானே பராதி எழுதுவானா? பேசித் தீத்துக்க வேண்டியதுதான. வார்டு மெம்பர் நம்ம ஆளு. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுச்சு."

"எங்களுக்கு மெம்பர் ஒறவு இல்ல தம்பி" என்றாள் முருகேஸ்வரி. "நாங்க இந்தத் தடவையும் தோத்த கட்சி."

"வழி அடைக்கவா அவருக்கு ஓட்டுப் போட்ட?" என்று கத்தரீனாள் மகனைக் கேட்டாள்.

"நீ எழுதலேன்னா டவுன்ல போயி எழுதிக்கட்டும். நீ எதுக்கு எழுதணும்?"

"டவுன்காரன் நாலடின்னு எழுதுவான். கருணை கூர்ந்துன்னு எழுதுவான்."

ஜின்சன் கொட்டகையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்பா வச்சதும்மா இது."

கத்தரீனாள் கொட்டகைக்குள் பார்த்தாள். சுவக்கீனின் கொத்தும் மண்வெட்டியும் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் சாத்தியிருந்தன. மழைக்காலத்தில் அவன் பீடி குடிக்க ஒதுங்கும் மூலை அது. காய்ந்த விறகின் வாசனையில் அவளுக்கு இன்னும் அவன் இருந்தான். அதைப் பிரிப்பது பற்றி முருகேஸ்வரி இரண்டு தடவை சொன்னபோதும் 'பாக்கலாம்' என்று சொன்னது அதனால்தான். அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நியாயம் போலத் தெரியும், ஆனால் நியாயம் இல்லை.

குனிந்து முதல் அடிக்கட்டையின் மேலிருந்த மண்ணைக் கையால் தள்ளினாள்.

"அப்பா மொதல்ல வச்சது இது. எல்லையில வச்சாரு." பிறகு ஜின்சன் பிடித்திருந்த காலைக் காட்டினாள். "அது நானும் நீயும் வச்சது."

ஜின்சன் கையை எடுத்துக்கொண்டான். உள்ளே போனான். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது, வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக.

கத்தரீனாள் படியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். யார் மீது புகார் என்ற இடத்தில் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினாள். பாதை எப்போது, யார் யார் நிலம் விட்டு உண்டானது, அகலம் எவ்வளவு என்று தீர்மானித்தார்கள், இப்போது எவ்வளவு இருக்கிறது, ஐந்து அடிக்கட்டைகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன, அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அவை அகற்றப்பட மாட்டா என்று எல்லாவற்றையும் எழுதினாள். செவ்வாய்க்கிழமை நடந்ததை நடந்தபடி மூன்று வரியில் எழுதினாள். 'கவனக்குறைவால்' என்று எழுதிவிட்டு யோசித்தாள். இரண்டு முறை சொல்லியும் கேட்காதது கவனக்குறைவு ஆகாது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத்தாள் எடுத்து மடித்துக் கோடிட்டு, முதலிலிருந்து எழுதினாள். கடைசியில், பாதையை ஐந்தரை அடி அகலத்துடன் பஞ்சாயத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று முடித்தாள். எழுதியவர் என்ற இடத்தில் வழக்கம்போலத் தன் பெயரைப் போட்டாள்.

மலையாளத்தில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். முருகேஸ்வரி கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் கையை நீட்டித் தடுத்தாள்.

"ரெண்டு தடவ சொல்லியும் கேக்கலன்னு எழுதணுமா மதினி? அது இல்லாமலே..."

"சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப இருக்கட்டும். நாலடி போதும்னியே, அது இதுல இல்ல. போதும்னு எழுதுற காகிதம் இல்ல இது. எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதுறது."

"கொட்டகை?"

"நாளைக்கே தகரத்தப் பிரிக்கிறோம். கட்டைய மட்டும் விட்டு வைக்கிறேன், வந்து பாக்கட்டும். அது வேற, இது வேற."

முருகேஸ்வரி பேனாவை வாங்கித் தன் பெயரைத் தமிழில், எழுத்தெழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறிவிடாமல் எழுதினாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. கத்தரீனாள் கிளிப்பைக் கழற்றி நகலைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். மேல்தாளை மூன்றாக மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"பஞ்சாயத்து செக்ரட்டரி கையில நேராக் குடு. ரசீது வாங்காம வராத. மெம்பர் வழியில பாத்துக் கேட்டாலும் குடுத்துராத, என் மகன் கேட்டாலும்."

உறையை அவள் நீட்ட, முருகேஸ்வரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.