வல்லம்படுகைப் பக்கம் நான் திறந்த மடை

அறுபத்தாறாம் வருஷம், வடலூர் தைப்பூசக் கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்த கதை இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். தை மாதத்தில் அந்தப் பக்கத்து உளுந்து வயல்களைப் பார்க்க இப்போதும் ஆட்கள் போகிறார்கள் என்றாள். அவர்களுக்கு வழி சொல்லத்தான் ஆரம்பித்தேன். வழியோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் எங்கள் பக்கம் கிணறெல்லாம் இறங்கிக் கிடந்தது. உழவைக் குறைத்து, தண்ணீரை மிச்சம் பிடித்துப் பயிர் வைப்பது எப்படி என்று கடலூரில் விவசாயிகள் மாநாடு கூட்டினார்கள். எங்கள் ஊருக்கு ஒரு ஆள். கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைத்து ஒன்றரை ஏக்கர் மணிலாக்கொட்டைப் பயிர் வைத்திருந்த என்னை அனுப்பினார்கள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தலைக்கனமும் அதே அளவு.

காலை ஆறு மணி பஸ். பதினாறு மைல், அறுபது பைசா, ஒரு மணி நேரம். மஞ்சக்குப்பத்தில் ஒரு கொட்டகையில் கூட்டம். விவசாய ஆபீசர் ஒருவர், “சும்மா சும்மா உழுதா மண்ணுல இருக்கிற ஈரம் ஓடிப்போயிடும்” என்றார். நான் பின்வரிசையிலிருந்து, “நாலு சால் ஓட்டாதவனுக்கு எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டாங்க சார்” என்றேன். கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்று முழுக்க என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் சாம்பார் சோறு போட்டார்கள். உழாமல் பயிர் வைத்த வயல் ஒன்றைக் காட்ட ஆபீசர் எங்களில் இருபது பேரைக் கூட்டிப்போனார். இரண்டு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். சிதம்பரத்துக்கு ஒன்றரை மணி நேரம், தொண்ணூறு பைசா. பரங்கிப்பேட்டையில் ஏறிய துணி வியாபாரி பாய் ஒருவர், “எங்க மச்சான், கோயிலுக்கா?” என்று கேட்டார். தண்ணீர் மாநாட்டுக்கு என்றேன். “தண்ணிக்கு மாநாடா! எங்க ஊருக்கு வாங்க, கெணத்துல தண்ணியவிட உப்பு ஜாஸ்தி. அதுக்கு ஒரு மாநாடு போடுங்க” என்றார்.

சிதம்பரத்திலிருந்து எங்களை லாரியில் ஏற்றி நாலரை மைல் தெற்கே, வல்லம்படுகைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே பக்கிரி என்ற குத்தகைக்காரரின் வயல். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தூவியிருக்கிறார். உழவு கிடையாது. கதிரை அறுத்தாயிற்று. தாளுக்கு நடுவே இரண்டிலை விட்டு உளுந்து நின்றது. மண் மேலாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. வரப்பை ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

“தண்ணி பாய்ச்ச மாட்டீங்களா?” என்றேன்.

“இதுக்குப் பனிதான் தண்ணி. அடியில இருக்கிற ஈரமே பங்குனி வரைக்கும் போதும்.”

“பனியக் குடிச்சிட்டு உளுந்து காய்க்குமா? பால் குடிக்காத கன்னுக்குட்டி கணக்கால்ல இருக்கு!”

பக்கிரி கோபப்படவில்லை. “பங்குனியில வந்து பாரு மச்சான். குத்தகையா நெலத்துக்காரருக்கு நெல்லு போயிடும். எங்க வூட்ல உலை கொதிக்கறது இந்த உளுந்துலதான்” என்றார்.

ராத்திரி சிதம்பரத்தில் தங்கி, காலையில் செடி எண்ண மறுபடி வருவதாக ஏற்பாடு. எல்லோரும் லாரிப் பக்கம் நடந்தார்கள். நான் பின்தங்கினேன். பக்கத்தில் தண்ணீர் ஓட, பயிர் வெடிப்பில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூலை நனைந்தால் காலையில் வித்தியாசம் தெரியும், ஆபீசரிடமே காட்டலாம் என்ற நினைப்பும் இருந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் திறக்கிற மடைவாயை அடைத்திருந்த மண்ணைக் கையால் தள்ளினேன். லாரி ஹாரன் அடித்தது. ஒரு பாத்திதானே நனையும் என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கணக்கு அது. எங்களுக்கு வயல் சின்னச் சின்னப் பாத்தி. கவலையில் மாடு நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். வாய்க்காலில் மாடு இல்லை. அந்த வயலில் பாத்தியும் இல்லை.

மறுநாள் ஏழு மணிக்குச் செடி எண்ணிப் பார்க்கப் போனோம். முக்கால் வயலில் கணுக்கால் தண்ணீர். உளுந்து உள்ளே கிடந்தது. ஆபீசர் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, “களிமண்ணு, வடியாது. வேர் அழுகிடும்” என்றார்.

பக்கிரி நேரே அடுத்த கொல்லைக்குப் போனார். அங்கே அவருடைய தங்கை புருஷன் தங்கராசு வாழை வைத்திருந்தார். முறை வைத்துப் பாய்ச்சுகிற வாய்க்கால், அதில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தகராறு. ராத்திரி ஓடியது அவர் முறைத் தண்ணீர்.

“முறைத் தகராறுக்கு இப்புடியா மச்சான் பழி வாங்குவே? எம் புள்ளைங்க வயித்துலயா?”

“எஞ்சாமி சத்தியமா நான் தொடல. என் வாழையே காஞ்சி நிக்குது, பாரு!”

“வேற எவன் வந்தான் இங்க? ஆகாசத்துலேர்ந்து குதிச்சானா?”

பக்கிரி அவரை அறைந்தார். தங்கராசு திருப்பி அடிக்கவில்லை. எங்கள் இருபது பேரையும் ஒருமுறை பார்த்தார். நான் வேட்டியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் நான் மறுபடி போனேன். இந்த முறை என் சொந்தச் செலவு, தலையில் இரண்டு மரக்கால் விதை உளுந்து. சொல்லிவிடத்தான் போனேன். பக்கிரி மூட்டையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “கூடப் பொறந்தவ புருஷன் கெடுத்தான். எங்கேயோ இருக்கிற நீங்க வெதை கொண்டாந்திருக்கீங்க” என்றார். நீ என்றவர் நீங்க என்றார். தங்கை வீட்டு வாசலைத் தான் இப்போது மிதிப்பதில்லை என்றும் சொன்னார். மோர் கொடுத்தார்கள். குடித்தேன். அந்த மோரைக் குடித்த பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். கெடுத்ததைவிடக் கேவலம் அது. அவர் சோற்றைக் கெடுத்துவிட்டு, நல்லவன் என்ற பேரையும் வாங்கி வந்தேன்.

போகிறவர்களுக்கு: தை பிறந்து பத்து நாள் கழித்துப் போங்கள். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழிதான். டிக்கெட் இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. விடிகாலையில் போனால் இலையில் பனி நிற்பதைப் பார்க்கலாம், அதுதான் அந்தப் பயிரின் பாசனம். வரப்போடு நில்லுங்கள். உங்கள் ஊர்க் கணக்கை அந்த மண்ணில் போடாதீர்கள்.

அந்தப் பக்கம் பக்கிரி வீட்டுப் பிள்ளைகளோ தங்கராசு வீட்டுப் பிள்ளைகளோ இதைப் படித்தால் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். தங்கராசு அந்த மடையைத் தொடவில்லை. திறந்தவன் நான்.