ஜங்லிகாட்டில் உட்கார்ந்தே கேட்ட ஜப்பான் பாட்டு

இந்திராணி என் அக்காள் மருமகள். அக்காள் மகன் உதயா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். பல மாதம் கடல், கொஞ்ச நாள் எங்கள் தீவில், ஜங்லிகாட் வீட்டில். கல்யாணமான புதிதில் ஜப்பானிலிருந்து ஒரு கேசட் கொண்டு வந்தான். அட்டையில் ஏழு பெண் பிள்ளைகள், வெள்ளைக் கவுன், நெஞ்சுக்கு நேரே கூப்பின கை. அந்த ஊரில் பேர் போன பாட்டுக் கோஷ்டியாம். வீட்டுக்கு வந்தால் பாயில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு அதையேதான் கேட்பான்.

"என்னத்தைத்தான் பாடறாளுங்க?" என்பாள் இந்திராணி.

"யாருக்குத் தெரியும்? நல்லாருக்குல்ல?"

அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

மகள் ரூபா கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் உதயா போய்விட்டான். மைக்செட் சாகுல் ஹமீது பாய் வந்து குழாயைக் கட்டினார். என்ன பாட்டுப் போடுவது என்று வாசலிலேயே சண்டை. எங்கள் ராமநாதபுரத்து ஆட்கள் தமிழ்ப் பாட்டு என்றார்கள். எதிர்வீட்டு பெங்காலிக்காரர் கீர்த்தனை என்றார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு ரெங்கம்மா, பஜனைதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இந்திராணி உள்ளே போய் அந்தக் கேசட்டை எடுத்து வந்து பாய் கையில் கொடுத்தாள்.

வெள்ளை உடுப்பு, கூப்பின கை. பார்த்தவர்களெல்லாம் சாமி கும்பிடுகிற பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். முதல் பாட்டு மெதுவாகப் போகும். யாருக்கும் புரியவில்லை, அதனால் யாருக்கும் சண்டையில்லை. தெருவே எழுந்து நின்று அழுதது.

அடுத்து பெங்காலிக்காரரின் அம்மா செத்தபோது, "வோ உதயாவாலா கானா லகாவ்", அந்த உதயா பாட்டைப் போடு என்று அவரே கேட்டு வாங்கிப் போட்டார். அப்புறம் ரெங்கம்மா புருஷன். அப்புறம் என் அக்காளும்தான். எந்தப் பாஷைக்காரர் செத்தாலும் ஜங்லிகாட்டில் அந்தப் பாட்டு. போட்ட உடனே எல்லாரும் எழுந்து நிற்பது, செருப்பைக் கழற்றுவது, பெண்டுகள் தலையில் முந்தானை போடுவது. முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இந்திராணி ஊருக்கெல்லாம் பிளவுஸ் தைத்தே ரூபாவை ஆளாக்கினாள். ரூபாவுக்கு ஏர்போர்ட்டில் டிக்கெட் வேலை. மொபைல் டவர் வேலையாக மெயின்லேண்டிலிருந்து வந்த ஹரிஹரனுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பையனுக்கு அம்மா மட்டும்தான், பெயர் விசாலாட்சி. நாள் நட்சத்திரம் பார்க்கிற மனுஷி. அவள் சரியென்று சொல்வதற்குள் இந்திராணி பாதியாய் இளைத்துவிட்டாள். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வந்த வரன், கை நழுவிவிடக் கூடாதே என்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷன். பெரிய திரை, பெரிய ஸ்பீக்கர், எல்லாம் சாகுல் பாய் ஏற்பாடு. ஹரிஹரன் ஏதோ ஒன்றை அவரிடம் கொடுத்து, "பாய், நான் கை காட்டும்போது போடுங்க, சர்ப்ரைஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறான். "அப்பாவுக்கு உயிரான பாட்டு" என்று ரூபா எப்போதோ அந்தக் கேசட்டைக் காட்டியிருக்கிறாள். பையன் அட்டையைப் போட்டோ எடுத்துத் தேடிப் பிடித்துவிட்டான். எந்தச் சாவு வீட்டுக்கும் அவன் வந்ததில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

கை காட்டினான். பாட்டு வந்தது.

மண்டபமே விசுக்கென்று எழுந்தது. பெங்காலிக்காரர் செருப்பைக் கழற்றினார். பெண்டுகள் முந்தானையை இழுத்தார்கள். ரெங்கம்மா, "அய்யோ தேவுடா, யாரு போயிட்டாங்க?" என்று அலறினாள். மணமேடையில் ரூபாவும் எழுந்து தலை குனிந்து நின்றாள். நான் மட்டும் என்ன, நானும்தான் நின்றேன்.

"ஏன்டா எல்லாரும் எழுந்துட்டாங்க? இந்த ஊர் தேசிய கீதமா?" என்று மகனிடம் கேட்டுக்கொண்டே, பட்டுச் சேலையைச் சரி பண்ணி விசாலாட்சியும் எழுந்து நின்றாள்.

அப்போதுதான் திரையைப் பார்த்தோம். அதே ஏழு பிள்ளைகள். அதே வெள்ளைக் கவுன். கடற்கரையில் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், இடுப்பை ஆட்டுகிறார்கள், ஐஸ்கிரீமை ஒருத்தி மூக்கில் ஒருத்தி தேய்க்கிறாள். அழுவதா, பார்ப்பதா? எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பாய் பதறிப்போய் நிறுத்தினார்.

"சாவுப் பாட்டை யாரு போட்டது?" என்று ரெங்கம்மா கத்தினாள். விசாலாட்சி காதில் நன்றாக விழுந்தது.

"சாவுப் பாட்டா?" அவள் முகம் கறுத்தது. "நாளைக்குத் தாலி, இன்னைக்கு சாவுப் பாட்டா? ஹரி, எழுந்து வா. ஊர் போய்ச் சேரலாம்."

"அம்மா, நான்தாம்மா போடச் சொன்னேன். இது ஜாலி பாட்டும்மா. அர்த்தம் நெட்ல பார்த்தேன். ஐஸ்கிரீம் உருகுது, நீ ஏன் இன்னும் வரலேன்னு ஒரு பொண்ணு பீச்சுல பாடறா. அவ்வளவுதான்."

"ஐஸ்கிரீமா?" ரெங்கம்மா நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். "என் புருஷனை ஐஸ்கிரீம் பாட்டா பாடி அனுப்பி வெச்சேன்?"

யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். விசாலாட்சி மட்டும் பையை எடுத்துவிட்டாள். ரூபா கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

இந்திராணி கடைசி வரிசையில் இருந்தாள். புருஷன் இல்லாதவள் என்று தானாகவே அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். நேரே விசாலாட்சியிடம் போகாமல், திரையில் அப்படியே நின்றுபோன பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?" என்று உதயாவிடம் கேட்பது போல முணுமுணுத்தாள். கோபமா, சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

அப்புறம் திரும்பினாள். "சம்பந்தி, இது எங்க புதுக் கல்யாண வீட்டுல பாடின பாட்டு. சாவு வீட்டுக்குக் கொடுத்தவ நான். யாரும் கேக்கல, நானாத்தான் கொடுத்தேன். இப்ப நானே திருப்பி வாங்கிக்கிறேன்."

"சொன்னா ஆச்சா?" என்றாள் விசாலாட்சி. "நீங்க வாங்கிக்கிட்டீங்க, சரி. இவ்வளவு பேர் எழுந்து நின்னாங்களே, அவங்க மனசுல இருந்து போச்சா?"

இந்திராணி கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, என்ன செய்யறது?"

எனக்கென்ன தெரியும்? விசாலாட்சியே சொன்னாள். "முதல்லேருந்து போடச் சொல்லுங்க. முடியற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. அப்ப நம்பறேன், இது கல்யாணப் பாட்டுன்னு."

பாய் போட்டார்.

அந்தப் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் தானாக எழும்புகிறது. பாய் தம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெங்காலிக்காரர் பாதி எழுந்துவிட்டார். "அரே தாதா, பைட்டோ!" என்று நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். ரெங்கம்மா உட்கார்ந்தபடியே அழுதாள். "ஏ ரெங்கம்மா, சிரி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கிள்ளினாள். அவள் சிரித்தாள், கண்ணீர் நிற்கவில்லை. மேடையில் மாப்பிள்ளை ரூபாவின் கையைப் பிடித்து அழுத்தியிருந்தான், எழுந்துவிடப் போகிறாளே என்று. இந்திராணி முன் வரிசையில், விசாலாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"அந்தக் குட்டைப் பொண்ணு நல்லா ஆடறா," என்றாள் விசாலாட்சி, ஒரு கட்டத்தில்.

"அவளைப் பாத்துதான் வாங்கியிருப்பாரு," என்றாள் இந்திராணி.

பாட்டு முடிந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இனிமேல் எழுந்திருக்கலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஊரே விசாலாட்சி முகத்தைப் பார்த்தது.

"ஆன்ட்டி, நான் எழுந்திருக்கலாமா?" என்று மேடையிலிருந்து ரூபா மெல்லக் கேட்டாள்.

"ஆன்ட்டி என்னடி ஆன்ட்டி, அத்தைன்னு சொல்லு," என்றாள் விசாலாட்சி. பையைக் கீழே வைத்தாள். இந்திராணியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "வாங்க சம்பந்தி, பசிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எழுந்தோம்.