ஸெனபா நலம் விசாரித்த மதியம்

என் தங்கை ஸெனபாவுக்குப் பிடிவாதம் அதிகம். சகாரா பாலைவனத்துத் திபெஸ்தி மலையின் பின்புறம், கறுத்த பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு கல்வீடு, பதினாலு ஆடு, மேட்டில் ஒரு சுனை. அடுத்த வீடு என்னுடையது, இரண்டு நாள் நடை. "எங்க பக்கம் வந்துடு புள்ள" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "உன் பொண்டாட்டிக்கு இந்த மலையே தேவலைண்ணே" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் பேர் கெல்லை. அவர் கம்பு வாங்கக் கணவாய் தாண்டிப் போயிருந்தார். சொன்ன நாளுக்கு மேல் ஒன்பது நாள் ஆயிற்று என்று சேதி வந்தது. உடனே கிளம்பிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்த அன்று மதியம்தான் அது நடந்திருக்கிறது. நாலு நாள் மேட்டில் ஆடு மேய்த்துவிட்டு, தோல்பையில் சுனைத் தண்ணீரோடு அவள் இறங்கி வந்திருக்கிறாள். வறண்ட ஆற்றங்கரைப் பாறைமேல் ஓர் ஆள், தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் வழியில் யாரைக் கண்டாலும் கிட்டே போகமாட்டார்கள். தள்ளிக் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு, நலம் விசாரித்து முடிக்க வேண்டும். அதற்குமுன் நீ யார் என்று கேட்பவன் மனுஷனே இல்லை.

"சுகமா?"

"சுகம்." அந்த ஆளின் குரல் கரகரத்தது. "ஆடெல்லாம் சுகமா?"

"சுகம். வழியெல்லாம் சுகமா?"

"சுகம். தண்ணி இருக்கா?"

"நிறைய இருக்கு." தோல்பை அவள் மடியிலேயே இருந்தது.

இப்படியே வெகுநேரம். கடைசியில்தான், "என் வீட்டுக்காரரை எங்கயாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. எழுந்துபோய்த் துணியை விலக்கினாள். கெல்லை.

நான் போனபோது அவள் அழவில்லை. "தண்ணி கேட்டாருண்ணே. முறை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாந்தான் கொன்னுட்டேன்."

உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். உப்புக்கண்டம் மாதிரி காய்ந்து விறைத்திருந்தது. செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும். சொன்னால் தங்கையின் மனபாரம் இறங்கும். ஆனால் அவளோடு பேசியது யார்? எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன்.

அடக்கம் முடிந்ததும் சொல்லிவிட்டேன். "நீ கொல்லல புள்ள. நீ பாக்குறதுக்கு மூணு நாள் முன்னாடியே அவர் போயிட்டார். என்கூட வந்துடு."

தோல்பையைக் கையில் எடுத்தாள்.

"அப்போ செத்தும் அவருக்குத் தாகம் அடங்கலையாண்ணே?"

நான் தனியாகத்தான் திரும்பினேன்.