யார் வைத்த மருந்து?

எழுத்து மேலும் கீழுமாக ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன், அந்தச் சந்தோஷம் கையை நிற்க விடவில்லை. இந்தத் தாளை மகள் படமெடுத்து இணையத்தில் போடுகிறாள்.

போன வாரம் நான் போன தாயில்பட்டி பஸ்ஸில் கருப்பசாமி அரிவாளோடு ஏறினான். அதற்கு முந்தின வாரம் பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் மனைவியைப் பறிகொடுத்தவன்.

"மதினிதான் செய்வினை மருந்து வச்சிருக்கான்னு குறிகாரர் சொல்லிட்டாரு. இன்னைக்கு அவளை வெட்டணும்."

முன்சீட்டில் அந்தக் கம்பெனி போர்மேன். "செய்வினையாவது ஒண்ணாவது. மிச்ச வெடிமருந்தை ராத்திரி ரூம்லயே வச்சிட்டாக. ஈரத்துல சூடேறி வெடிச்சிருச்சு. அம்புட்டுதாம்லே."

"யாரு வச்சது?"

போர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அரிவாள் பிடியால் வாயில் ஒரே இடி. பல் தெறித்தது.

"ஏலே, நான் சொன்னது வெடிமருந்து."

"வெளங்குது. யாரு வச்சது?"

சட்டை நனைய ரத்தம் ஒழுகியும் அவர் யார் பேரையும் சொல்லவில்லை. கண்டக்டர் அரிவாளைப் பிடுங்கினார். கருப்பசாமி மதினி ஊரில் இறங்கவில்லை. போர்மேன் பின்னாலேயே கம்பெனி வாசலில் இறங்கினான்.

செய்வினை சொன்ன குறிகாரர் ஒரு பேராவது சொன்னார், தப்பான பேர். விஞ்ஞானம் சொன்னவருக்குப் பேர் மட்டும் வரவில்லை.

உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். பதில் எழுதத்தான் ஒரு வாரம் ஆகும்.