கண்ணுக்குக் கீழே போட்ட ஊசி

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் தோல் கிளினிக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூட்டம் அதிகம். ஆபீஸ்களில் இருந்து பெண்கள் வருவார்கள். அவர்கள் கையில் ரத்தம் எடுத்து, குழாயோடு மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் தெளிந்து நிற்கும். அதையே அவர்கள் கண்ணுக்குக் கீழே மெல்லிய ஊசியால் ஏற்றுவார்கள். பிஆர்பி என்று பெயர். கருவளையம் குறையும், தளர்ந்த தோல் தேறும் என்று நம்பிக்கை. முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் தச்சநல்லூரில் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தால், சரியாகத் தூங்கவில்லையா என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். இங்கே அதற்கென்று தனி அறை, தனி டாக்டர், வரிசை எண் போட ரிசப்ஷனில் நான்.

ஏழு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். என் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்தான், யார் கவனித்தார்கள்? போன வருடம் ஒருநாள் வயதான அரபிப் பெண்மணி ஒருவர் பேரைச் சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அரபியில் என்னவோ ஆறுதல் சொன்னார். டிஷ்யூ எடுத்து நீட்டினார். நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "நோ கிரையிங் மேடம், மை ஃபேஸ்" என்றேன். அவர் இன்னும் இரண்டு டிஷ்யூ கொடுத்தார். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் புதிதாக வந்திருந்த மேனேஜர் அதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டாள். கோபப்படவில்லை. உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உன் முகத்தைத்தானே என்றாள். காண்ட்ராக்ட் முடிகிற நேரம். பத்து நாள் ஊருக்குப் போ, ஃப்ரெஷ்ஷாக வா, அப்புறம் முடிவு செய்யலாம் என்றாள்.

இந்த வேலை போனால் என்ன என்று இருக்க முடியாது. என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபின் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். எங்கள் ஒரே மகள் கோமதி பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். அப்பா விழுந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, ஜங்ஷனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று நின்றவள் அவள். கெஞ்சித்தான் திருப்பி அனுப்பினோம். என் வேலை ஆடுகிறது என்று மோப்பம் பிடித்தால் மறுநாளே படிப்பை விட்டுவிடுவாள். அதனால் ஊருக்கு வந்ததும் நானும் அவரும் மட்டும் பேசி, அவளுக்குத் தெரியாமல் பக்கத்து வண்ணாரப்பேட்டையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண், தெளிவாகப் பேசினாள். மூன்று தடவையாவது செய்ய வேண்டும், பலன் தெரிய வாரக்கணக்காகும், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றாள். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, சாப்பிட்டால் ரத்தம் கட்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றாள். இதே கேள்வியை ஷார்ஜாவில் தினமும் நான் கேட்கிறேன். மேனேஜர் பேசிய நாளிலிருந்து தலைவலி மாத்திரையைக் கடலை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தள்ளிப்போட என்னிடம் லீவு இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லி, அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து நானே பயந்துபோனேன். இரண்டு கண்ணும் வீங்கி, கீழே நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. ஷார்ஜாவில் இந்த முகத்தோடு லிஃப்டில் ஏறினால் எந்த டாக்டர் என்று கேட்பார்கள். தச்சநல்லூரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரியும். பால்காரர் பார்த்தார், எதிர்வீட்டு அக்கா பார்த்தாள். சனிக்கிழமை கோமதி வந்து பார்த்தாள்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவில் அடிபட்ட பெண்கள் எல்லோரும் பாத்ரூமில்தான் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

"ரெண்டு கண்ணும் சேந்தாம்மா வழுக்குச்சு?" என்று கேட்டாள். கேட்டது என்னை, பார்த்தது அவள் அப்பாவை. அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரே ஒரு தடவை, அவர் என்னை அடித்திருக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் வைத்த சோற்றை அவள் தொடவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தான்.

"ஊரு விட்டு ஊரு போயி ஒமக்குச் சம்பாதிச்சுப் போடுதா. அவ மேல கை வைக்க எப்படி வே மனசு வந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அண்ணனிடம் தலையைக் குனிந்து, "தப்புதான் மச்சான்" என்றார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் கேட்கலாம், உண்மையை உடைத்துவிட வேண்டியதுதானே என்று. அண்ணன் போனபிறகு கொல்லையில் நின்று நானும் அதைத்தான் சொல்லி அழுதேன். அவர் கேட்கவில்லை. "அவ பரிச்சை முடியட்டும், பைய சொல்லிக்கிடலாம்" என்றார். பிறகு, கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "அன்னைக்கு நெசமாவே அடிச்சேன், ஒருத்தரும் கேக்கல. இப்பக் கேக்காவ. கேட்டுட்டுப் போறாவ, விடு" என்றார். அந்த அழுகைக்கு நடுவிலேயே, ரகசியம் தப்பித்துவிட்டதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. மிச்சத்தைப் பவுடர் மூடியது. மேனேஜர் உற்றுப் பார்த்து, வெகேஷன் குட் என்று சொல்லி, ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். ஊசியாலா, பவுடராலா, அவளுக்கு வேறு ஆள் கிடைக்காததாலா, தெரியவில்லை. ஒரே தடவை போட்டால் பலன் ஒன்றும் இருக்காது என்று வருகிறவர்களிடம் நானே சொல்லுகிறேன். ஒன்றும் இல்லாததற்காகத்தான் அந்த மனிதர் தலை குனிந்தாரோ என்னவோ.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று கோமதியை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர், மாத்திரை, ஊசி, ஒன்று விடாமல். ஒரு மாதம் ஆறப்போட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

"அவரக் காப்பாத்த நீ என்னவும் சொல்லுவம்மா" என்றாள். அப்பா என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டாள். அவள் கண்ணில் படக்கூடாதென்று நானேதான் கிழித்துப் போட்டிருந்தேன். கிளினிக்கில் போய்க் கேட்டுப் பார் என்றேன். வேண்டாம்மா, விடு என்றாள்.

அப்போது திரையின் ஓரத்தில் அவர் கை மட்டும் வந்தது. தோசைத் தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்வாங்கியது. கோமதி போனை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். திரைக்குப் பக்கத்தில் வந்து என் கண்ணுக்குக் கீழே நெடுநேரம் பார்த்தாள்.

"இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு. நீ இங்கன வராதம்மா. அங்கனயே இரு."

சரி என்றேன்.