வலையில் விட்ட ஒரு முழம்

நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த நிமிடத்தில் என் தலையில் இடித்தது ஒரு வலை. உத்தரத்து ஆணியில் மூட்டையாகச் சுருட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நைலான் நூலில் கையால் பின்னியது. மண்ணும் வேப்பிலையும் காய்ந்த புல்லும் கலந்த ஒரு வாசனை என் கல்யாணப் புடவையில் அன்று முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்ட மாமியார், ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தபடியே, "இடிச்சிக்கினியா? அதுதான் உங்க மாமனாரோட மூத்த சம்சாரம். நான் ரெண்டாவதுதாம்மா" என்றார். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாமனார் மட்டும் எழுந்து வந்து, வலையை எடுத்து இன்னும் ஒரு சாண் மேலே மாட்டிவிட்டுப் போனார். அவர் எனக்காகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு விலகி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை விளையும் கொல்லைகளைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தெரு. நான் பிறந்து வளர்ந்தது டவுனில். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கறி. மாட்டுக்கறியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். புகுந்த வீட்டிலும் அதே வழக்கம்தான் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமியார் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் கறுப்புக் கவரில் கறி வாங்கி வருவார். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அவர் வைக்கிற குழம்புக்கு நான் இன்றுவரை அடிமை. ஆனால் மாமனார் தட்டில் மட்டும் அது விழாது. குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாலே போதும், கையால் மறைத்துவிடுவார். "எங்க மேஞ்சிது, எங்க ஓடிச்சின்னு ஒண்ணும் தெரியாது. தெரியாதத எப்படி வாயில வைக்கிறது?" என்பார். கோழி, ஆடு எதுவானாலும் கடையில் வாங்கியது என்றால் இதே பதில்தான். கறி என்று அவர் வாயில் வைத்தது முயல் ஒன்றைத்தான். அதுவும் அவர் வலையில் விழுந்ததை மட்டும்தான்.

கல்யாணமான மூன்றாவது மாதம் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கருஞ்சிவப்பாக, ஒரு துளி கொழுப்பில்லாமல், பார்க்கவே வறட்டுக் கறியாக இருந்தது. மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தேன். அடேயப்பா! மென்றுகொண்டே இருக்கையில் புல் வாசனையா, பச்சை மல்லாட்டையின் பால் வாசனையா என்று பிடிபடாத ஒன்று நாக்கின் அடியிலிருந்து கிளம்பி வந்தது. அதுவரை நான் தின்றதெல்லாம் மசாலாதான், கறியை அன்றைக்குத்தான் தின்றேன் என்று தோன்றியது. மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மல்லாட்டைக் கொல்லையில மேஞ்சது. மலையோரத்துது இன்னும் கொஞ்சம் கசப்பா இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நீளமான பேச்சு அது.

அவர் நாக்கைச் சோதித்துப் பார்க்க அவருடைய இரண்டு மகன்களுமே ஒருமுறை துணிந்தார்கள். என் கணவரும் கொழுந்தனும் சேர்ந்து டவுனிலிருந்து பண்ணை முயல் வாங்கி வந்து, சிநேகிதன் ஒருவன் காட்டில் பிடித்ததாகக் கதை கட்டி, மாமியாரையும் கூட்டுச் சேர்த்துச் சமைத்து வைத்தார்கள். நாங்கள் நான்கு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். நிதானமாக மென்றார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "இது கூண்டுல பொறந்தது. ஒரு நாளும் பயந்ததே இல்ல" என்று சொல்லி எழுந்து கை கழுவப் போய்விட்டார். எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. கறியில் உப்பு ஜாஸ்தி, கம்மி என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கறிக்குப் பயம் இருந்ததா இல்லையா என்று சொன்ன மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இன்னொரு கிறுக்கும் அவரிடம் இருந்தது. விடியற்காலையில் கொல்லையோரம் குச்சிகள் நட்டு வலையை வேலி போல நீளமாகக் கட்டுவார். எதிர்ப்புறமிருந்து சத்தம் கொடுத்து முயலை அந்தப் பக்கம் ஓட்டுவார்கள். அப்படிக் கட்டும்போது கடைசிக் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு முழம் கட்டாமல் விட்டுவிடுவார். கை மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே விடுவது. கூடப் போகிற ஆட்கள் எரிந்து விழுவார்கள். பாதி நாள் முயல் அந்த வழியாகத்தான் போகும். வெறுங்கையோடு வந்து களியும் கீரையும் தின்றுவிட்டு ஒன்றுமே நடக்காதது போலக் கொல்லைக்குப் போவார். "வலையையும் கட்டிட்டு வாசலையும் தொறந்து வைக்கிற ஆள எங்கனா பாத்திருக்கியா நீ?" என்று மாமியார் என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். கேட்டால் மாமனாரிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "அதுக்கும் ஒரு வழி இருக்கணுமில்ல."

அப்போதே அது சட்டப்படி குற்றம்தான். ஊரில் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். நானும் பேசவில்லை. நல்ல பிள்ளை வேஷமெல்லாம் எனக்கு வேண்டாம், கிண்ணத்தை நீட்டி இரண்டாம் முறை வாங்கித் தின்றவள்தான் நான்.

பிறகு எனக்கு வேலை வந்தது. பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி, நம்பிக்கையே போன சமயத்தில் உத்தரவு கையில் கிடைத்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அரசாங்க உத்தரவு வாங்கிய முதல் ஆள் நான். மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். என் கணவர் தான் ஓட்டுகிற ஆட்டோவில் மாலை கட்டினார். மாமனார் மட்டும், "எந்த ஆபீசு பாப்பா?" என்று கேட்டார். "வேங்கிக்கால்ல மாமா. காட்டு இலாகா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லது பாப்பா. நல்லா இரு" என்று சொல்லிப் பின்பக்கம் போனார்.

முதல் வாரமே என் மேஜைக்கு ஒரு வழக்கின் காகிதங்கள் வந்தன. எங்கோ ஒரு கிராமத்தில் பிடிபட்ட ஆள். கைப்பற்றப்பட்ட பொருட்கள்: முயல் வலை ஒன்று, இறந்த முயல் இரண்டு. அதைத் தட்டச்சு செய்கையில் முயல் என்ற சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். அந்த இடத்தில் என் மாமனார் பெயரும், அவர் மருமகள் இதே அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் என்ற வரியும் இருந்தால் என் கதி என்ன? தகுதிகாண் பருவம்கூட முடியாத வேலை. வீட்டுக்கு ஓடி வந்து உத்தரத்தைப் பார்த்தேன். ஆணி மட்டும்தான் இருந்தது. வலையைக் காணவில்லை.

ஒளித்து வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அவர் தின்கிற ஒரே கறியை நிறுத்தச் சொல்ல நேற்று வந்த நான் யார்? அதனால் தெரியாதது போல இருந்துவிட்டேன். அந்த ஆணியில் என் ஆபீஸ் பையை மாட்டப் பழகினேன். ஆனால் மனசு சும்மா இருக்குமா? துவைக்கப் போடுகிற அவருடைய துண்டை மோந்து பார்ப்பேன். சில நாள் புகை வாசனை அடிக்கும். கொல்லையிலேயே சுட்டுத் தின்றுவிட்டு நல்லவர் மாதிரி வந்து உட்கார்கிறார் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன். சருகு கொளுத்தினாலும் அதே புகைதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெரிய கறி தின்போம். அவர் எங்கள் வீட்டுப் பாகற்காய் வறுவலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். பின்பக்கம் அவர் புதிதாகப் போட்ட பந்தலில் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. ஆபீஸ் போகுமுன் நான்தான் பறிப்பேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் எங்கள் இலாகா ஆட்கள் அடி அண்ணாமலைக்குப் பின்னால் காட்டோரத்தில் கட்டியிருந்த ஒரு வலையை எடுத்து வந்து போட்டார்கள். கட்டிய ஆள் ஓடிவிட்டானாம். அதே நைலான் நூல், அதே கைப்பின்னல். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போனேன். மாமனார் பந்தலுக்குக் கீழே குந்தி, கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, என் வேலைக்கு உலை வைக்கணும்னு இருக்கீங்களா? உங்க வலைய இன்னிக்கி ஆபீசுல கொண்டாந்து போட்டுட்டாங்க. நாளைக்கி உங்கள இட்டுனு போனா நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு அங்க உக்காருவேன்?" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமியார் அடுப்பை விட்டு ஓடி வந்து நின்றார்.

அவர் கோபப்படவில்லை. மண் கையை உதறிக்கொண்டு, "என் வலையா?" என்றார். "அது எங்கயும் போவல பாப்பா. தலைக்கு மேல பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். பாகல் இலை மூடிக் கிடந்தது. ஒரு கொத்தை விலக்கினேன். இலைக்கு அடியில் வலைக் கண்கள், ஒவ்வொன்றாக, பந்தல் முழுக்க. என் தலையில் இடித்த அதே வலை! நான்கு கம்பங்களுக்கு மேல் விரித்து, கொடியை அதில் ஏற்றிவிட்டிருந்தார். தினம் காலையில் அதற்குள் கையை விட்டுத்தான் நான் காய் பறித்திருக்கிறேன். ஒரு வருஷமாக என் கண் எங்கே போயிருந்தது?

"எப்பலருந்து மாமா?"

"நீ ஆர்டர் வாங்கினு வந்தல்ல, அன்னிக்கே."

அப்படியானால் அன்றிலிருந்து இந்த மனிதர் வாயில் ஒரு துண்டுக் கறி பட்டதில்லை. எதிரில் உட்கார்ந்து நான் எலும்பு கடித்திருக்கிறேன். போதாததற்கு அவர் துண்டை மோந்து பார்த்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா" என்றதற்கு, "இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது?" என்று உண்மையிலேயே புரியாதவர் போலக் கேட்டார். மாமியாருக்கும் அப்போதுதான் தெரியும். "கயிறுன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாக்கையே உயிராக வைத்திருந்த ஒருவர், அதைச் சத்தமில்லாமல் சுருட்டி வைத்துவிட்டு என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அதற்கு ஈடான ஒரு காரியம் செய்ய இந்த ஜென்மத்தில் வக்கில்லை.

அதற்குப் பிறகும் கடைக் கறியை அவர் தொடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. போன தை மாதம், இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

இந்தத் தையில் முதல் வருஷப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலையில் வைக்க வேண்டும்; அது எங்கள் வழக்கம். சொந்தக்காரர்களுக்காகப் பெரிய கறி அடுப்பில் கொதித்தது. ஆனால் அவர் இலையில் எதை வைப்பது? கொழுந்தன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணி, ஒரே ஒரு முயலு. ஆள் இருக்கறான், சொன்னா கொண்டாந்து குடுத்துடுவான். அப்பா ஆத்மா சாந்தியாவும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிடம் என் மனசும் ஆடியது. செத்த பிறகாவது அவருக்கு அந்த ருசியைக் கொடுத்தால் என்ன? ஆனால் அவர் யாருக்காக அதை விட்டாரோ அவளே அதைக் கொண்டு வந்து வைத்தால், அவர் விட்டதற்கு என்ன அர்த்தம்? "வேணாம்" என்றேன். "அவர் வலையில உழுந்தத வைப்போம்."

மாமியார், கொழுந்தன், நான் மூன்று பேருமாகப் பந்தலுக்குப் போனோம். நானும் மாமியாரும் காய் பறித்துக்கொண்டே கிழக்கு மூலைக்கு வந்தபோது மாமியார் நின்றுவிட்டார். அங்கே கம்பத்துக்குப் பக்கத்தில் வலை கட்டப்படவில்லை. அவிழ்ந்ததல்ல, மற்ற பக்கமெல்லாம் இறுக்கி முடிச்சுப் போட்ட கை, அந்த இடத்தில் மட்டும் விட்டிருந்தது. சரியாக ஒரு முழம். "பாவக்கா எங்கடி ஓடப்போவுது? இதுக்கும் வழி விட்டிருக்குது பாரு இந்த மனுசன்!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு முடிவதற்குள் தேம்பினார்.

அந்த ஒரு முழத்தின் வழியாக ஒரு கொடி வெளியேறி, பக்கத்து வேப்பமரத்தில் ஏறியிருந்தது. எட்டாத உயரத்தில் இரண்டு காய்கள், நல்ல பச்சையாக. கொழுந்தன் போய்த் தொரட்டியை எடுத்து வந்து மேலே தூக்கினான்.

மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடுடா. அது தப்பிச்சிடுச்சி."