மாதத்தை வெட்டுகிறவர்

வாடகை வந்து விழுந்ததைக் கைப்பேசி சொன்னால் போதும், மாஸ்டர் கண்ணைத் திறக்கும் முன்பே "டீச்சர், பெட்ரோல் பங்குக்கு விடு" என்பார். காரின் பின்பக்கத்தில் பலகை போட்டு விரித்த படுக்கையை அப்போது சுருட்டியிருக்கக்கூட மாட்டார்கள். டேங்க் நிறைந்த பிறகுதான் பல் தேய்ப்பதே.

"முதல்ல முதுகு" என்பார். காலமெல்லாம் சட்டை தைத்தவர். துணியை விரித்ததும் பெரிய துண்டான முதுகை எடுத்துவிட வேண்டும். பிறகு முன்பக்கம் இரண்டு, அப்புறம் கை. காலர் மிச்சத்தில் வரும். காலரில் கத்திரி வைத்தவன் கடைசியில் முதுகுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு நிற்பான். மாதத்தையும் அவர் அப்படித்தான் வெட்டுகிறார். பெட்ரோல் முதுகு. அரிசி, பருப்பு, முட்டை, அடுப்புக்கு கேஸ், இவை முன்பக்கம். வண்டியின் இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் எடுத்து வைப்பது கை. ரீசார்ஜ் காலர். வழியில் குடிக்கிற டீ வெறும் பட்டன்.

"என் டீ உங்களுக்குப் பட்டனா?"

"பட்டன் இல்லாம சட்டையைப் போட முடியுமா? மரியாதையாத்தான் சொன்னேன்."

சொல்வது மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் மாதக் கடைசி நெருங்கிவிட்டால் ஒரு டீயை வாங்கி இரண்டு கோப்பையில் ஊற்றுவார்.

மாதம் ஒருமுறை விடுதியில் அறை எடுப்பதும் உண்டு. அதற்குப் பெயர் லைனிங். "வெளியில தெரியாது. உடம்புக்கு அதுதான் சுகம்." கொடுத்த காசு செரிக்க வேண்டுமே! ஆளுக்கு இரண்டு முறை குளிப்பார்கள். இருக்கிற துணியையெல்லாம் துவைத்து ஜன்னல், கதவு, நாற்காலி என்று காயப்போடுவார்கள். கிளம்பும்போது விடுதித் துண்டைக்கூட அளவெடுத்த மாதிரி மடித்து வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். மற்ற நாட்களில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அவர் கண் தேடுவது மரநிழலையும் குழாயையும். காய்கறி வாங்க, கடைக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடும் நேரம் பார்த்துத்தான் போவார்.

டீச்சர் என்பவர் அவர் மனைவி. பாடம் நடத்தியவர் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரே மைதானம், அதைச் சுற்றி அதே நாலு தெரு, எந்நேரமும் இரண்டாவது கியர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே ஊரில் பாதிப்பேரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர், தன் விருப்பத்துக்கு எங்கேயும் ஓட்டிப் போனதில்லை. வரைபடத்தில் வடக்கே, பிரித்துப்போட்ட தையல்நூல் மாதிரி சுருண்டு சுருண்டு ஏறுகிற மலைப்பாதை ஒன்று உண்டு. அதன் உச்சிவரை ஒருநாள் தானே ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாஸ்டர் கடையை மூடிய அன்றைக்கு வாக்குக் கொடுத்தார்: "இனிமே நீ யாருக்கும் பக்கத்துல உக்கார வேண்டாம். நானும் யார் துணியையும் தொடப்போறதில்ல." வீட்டையும் கடையையும் சேர்த்து வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "வயசான காலத்துல கார்ல குடித்தனமா? கேக்கிறவங்களுக்கு நான் என்னப்பா சொல்ல?"

"வீடும் கூடவே போயிருக்குன்னு சொல்லும்மா."

"சரி, போங்க. ஆனா ஒரு தடவை எங்கிட்ட காசுன்னு கேட்டாலும், அன்னைக்கே வண்டியைத் திருப்பிரணும்."

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர்.

இன்றுவரை கேட்டதில்லை. வாடகைக்குள் மாதம் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே வந்திருக்கிறது. இந்த மாதம்தான் கிளட்ச் காலை வாரிவிட்டது. மலையடிவாரத்துக்கு ஒரு பகல் ஓட்டம் மிச்சமிருக்கும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. தள்ளாத குறையாக ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"இதோட மேல ஏறுனீங்கன்னா பாதியில பின்னாடியே வந்துருவீங்கண்ணே" என்றார் மெக்கானிக். "சாமான் மாத்தணும். கடையில எனக்கே கடன் தர மாட்டான். மழை இறங்கறதுக்குள்ள முடிச்சிரணும். இறங்கிட்டா மலைப்பாதையை மூடிருவாங்க, அப்புறம் அடுத்த வருஷம்தான்."

மாஸ்டர் எடுத்து வைத்திருந்த 'கை' முழங்கைவரைகூட வரவில்லை. அடுத்த வாடகைவரை மழை காத்திருக்காது.

வண்டி நாலு ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. குடித்தனமும் அதற்குள்தான், ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"மாடியிலதாம்மா."

"மாடியா! ரூம் எடுத்திருக்கீங்களா? காசெல்லாம் இருக்குல்ல?"

"காத்து பிச்சுக்கிட்டு வருது" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகும் கைப்பேசியைக் கையிலிருந்து இறக்கவில்லை. "பேசாம அவகிட்டயே கேட்டுரவா டீச்சர்?"

"நல்லாருக்கு! கேட்டு வாங்கி, கிளட்ச் மாத்தி, அதே கிளட்ச்ல வீட்டுக்குத் திரும்பவா?"

கீழே மெக்கானிக்கின் மனைவி நெளிந்துகொண்டு நின்றாள். "அக்கா, நீங்க வண்டி ஓட்டச் சொல்லித்தருவீங்களாமே? இவர் சொல்லித்தந்தா சண்டைதான் மிஞ்சுது."

"நீங்க அவளை ஓட்ட வச்சிட்டீங்கன்னா நான் கூலியைத் தொடலக்கா" என்றார் மெக்கானிக். "சாமான் காசுக்கு மட்டும் வழி பாருங்க."

மாஸ்டர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி. அவங்க அந்த வேலையை விட்டாச்சு."

"வெட்டுனது நீங்க. பத்தலைன்னா ஒட்டுப்போடுறது நானா இருந்துட்டுப் போறேன்" என்ற டீச்சர், செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் கால் வைத்து இறங்கிவிட்டார்.

மெக்கானிக்கின் பழைய பிக்கப் ஷெட் வாசலில் குதித்தது, அணைந்தது, மறுபடி குதித்தது. "பயப்படாதே. காலை மெதுவா விடு. ம், இப்ப ரெண்டாவது போடு" என்ற குரல் சுற்றிச்சுற்றி வந்தது. ஒவ்வொரு 'ரெண்டாவது'க்கும் மேலே உட்கார்ந்திருந்த மாஸ்டரின் தாடை இறுகியது. நாலாம் சுற்றுக்கு அவரும் இறங்கினார்.

பிக்கப் மூச்சு வாங்கி நின்றதும், ஓட்டியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் ரெக்சின் வாய் பிளந்து பஞ்சு தெரிந்தது.

"தங்கச்சி, வீட்டுல தையல் மெஷின் இருக்கா?"

"இருக்குண்ணே. தூசி தட்டணும்."

"இங்க வர்ற வண்டிக்கெல்லாம் சீட்டு இப்படித்தான் கிடக்குமா தம்பி?"

"இதைவிட மோசமாண்ணே" என்றார் மெக்கானிக்.

பக்கத்து சீட்டில் இருந்த டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் நிமிரவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முடிந்தமட்டும் விரித்து, கிழிசலின் மேல் ஒரு சாண் வைத்தார்.